ஐயனார் மரத்தில் பச்சைக் குழை

திம்பிரிவெவ
22.04.2003

அன்புள்ள மங்களம்,

கையெழுத்தைப் பார்த்து யாரென்று தெரியாமல் முழிக்கப் போகிறாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சோமலதா, பியதாசவின் மகள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் குளக்கட்டால் நடந்து வந்து உங்கள் கருங்காலிமடுப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த சிங்களப் பெட்டை. எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உன் பக்கத்தில் இருந்து, உன் கணக்கைப் பார்த்து எழுதி, உனக்கும் சேர்த்து அடி வாங்கித் தந்தவள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

பதினெட்டு வருடமாகத் தமிழில் ஒரு வரியும் எழுதவில்லை. பிழை இருந்தால் சிரிக்காமல் வாசி.

உன் பெரியப்பா மகன் இந்திரகுமார்தான் விலாசம் தந்தான். சண்டை நின்று பாதை திறந்த பிறகு காணி பார்க்க வந்தவன், சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீர் குடித்தான். முகவெட்டைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கருங்காலிமடு ஆளோ?" என்று தமிழில் கேட்டேன். பாவம், பயந்துபோனான். காணி பார்க்க அவனுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊர் முழுக்கக் காடாகிவிட்டது. வீடுகளுக்குள் மரம் நிற்கிறது. மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை அடித்திருக்கிறார்கள். நீ ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் என்ற இடத்தில் பத்தாம் மாடியில் இருப்பதாகவும் உனக்கு யாழ் என்று ஒரு மகள் இருப்பதாகவும் சொன்னான். உங்கள் நோர்வேதானே இப்போது எங்கள் இரண்டு பகுதிக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுகிறது? அவ்வளவு அக்கறை உள்ள நாட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒரு தபாலட்டை போட உனக்கு மனம் வரவில்லை பார்.

சரி, குறை சொல்ல எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்க எழுதுகிறேன்.

எண்பத்தைந்து மாசியில் உங்கள் ஊரை வெட்டிய மறுநாள் காலை, என் அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு குளக்கட்டால் உங்கள் பக்கம் நடந்து போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அம்மாவுக்கு இப்போது கண்ணும் சரியில்லை, காலும் சரியில்லை. அப்பாவின் பெயரில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கலாம் என்றால் விடமாட்டாள். செத்தது தெரியாமல் தானம் கொடுத்தால், இருக்கிறவரை நாமே சாகடித்ததாகிவிடும் என்கிறாள். அவள் கண்ணை மூடுவதற்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும் எனக்கு.

நீ அன்று அங்கே இருந்தாய் என்று இந்திரகுமார் சொன்னான். என்ன நடந்தது மங்களம்? எதுவானாலும் எழுது. மகளுக்கு என் முத்தம்.

உன் பழைய பக்கத்து வாங்குக்காரி,
சோமா


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
15.06.2003

சோமலதாவுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. உன் கடிதம் வந்த நாள் தொட்டு இந்த வீட்டில் ஒருவருக்கும் என்னால் நிம்மதி இல்லை. என் கணவர் பத்மநாதன், "பதில் போடாதையும், கிழிச்செறியும்" என்றார். கிழித்தேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டினேன். எனக்கே என்மேல் ஆத்திரம்.

என்ன நடந்தது என்று கேட்டாய். சொல்லுகிறேன், நன்றாகக் கேள்.

காலையில் களத்தில் நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறவில்லை. றோட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் எரிகிற புகை தெரிந்தது. அப்பா மாடுகளை அவிழ்த்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். நான், தங்கச்சி இந்திரா, கைக்குழந்தையோடு சின்னம்மா, அயலட்டைச் சனம் கொஞ்சம். "தேன்கல்லடிக்குப் போவம், அங்கை ஒருத்தனும் வரமாட்டான்" என்றார் அப்பா. அது உண்மை. அந்தப் பாறை இருக்கும் இடம் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பாறைக்குக் கீழே குகை மாதிரி ஒரு பள்ளம். அதற்குள் எல்லோரும் ஒடுங்கி இருந்தோம். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமென்று அப்பா என்னைக் கீழே உள்ள சுனைக்கு அனுப்பினார். அதனால்தான் இன்று உனக்கு எழுத நான் இருக்கிறேன்.

வந்தவர்கள் ஊர்காவல் படைக்காரர்கள், அரசாங்கம் ஆயுதம் கொடுத்த உங்கள் பக்கத்து ஊரார். கத்தியும் கோடரியும்தான் கூட. துவக்கு இரண்டோ மூன்றோ. நான் சுனைக்குள் இறங்கிக் கழுத்துவரை தண்ணீரில் நின்றேன். மேலே அப்பா சிங்களத்தில் கெஞ்சியது கேட்டது. "மஹத்தயா, லமயி" என்றார், பிள்ளைகள் ஐயா என்று. அதற்குப் பிறகு சொல் ஒன்றும் இல்லை, சத்தம்தான். விறகு கொத்துகிற சத்தம் உனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது. இந்திரா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் போகவில்லை. அந்தக் குழந்தை கடைசியாகத்தான் அழுதது. பிறகு அதுவும் இல்லை. சுனைத் தண்ணீர் சிவந்து என் வாய்வரை வந்தது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் தேடவில்லை சோமலதா. தேடி வருகிறவன் அங்கும் இங்கும் மிதிப்பான், கத்துவான். இவர்கள் நேராக வந்தார்கள். தேன்கல்லைத் தெரிந்த சிங்களவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஒவ்வொரு ஆனியிலும் என் அப்பாவோடு சேர்ந்து அங்கே தேன் எடுக்கப் போனவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். இந்திராவைத் தோளில் வைத்துக்கொண்டு வேல் விழாப் பார்க்க வந்தவர். உன் அப்பா.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சுவீடன் எல்லையோரக் கிராமத்துக் கிழவி ஒருத்தி அங்கே இருக்கிறாள். ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், காட்டுப்பாதையால் தப்பி ஓடிய ஆட்களை யாரோ காட்டிக்கொடுத்தானாம். அவனுடைய மகன் என்று ஒரு கிழவரோடு அவள் ஒரே மேசையில் சாப்பிடமாட்டாள். அறுபது வருடம் ஆகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அவள் தட்டை எடுத்து வேறு மேசையில் வைத்துவிட்டுப் போவேன்.

உன் அப்பா எங்கே என்று என்னிடம் கேட்காதே. என் அப்பா எங்கே என்று நான் உன்னிடம் கேட்டேனா? இனி எழுத வேண்டாம்.

மங்களேஸ்வரி


திம்பிரிவெவ
03.11.2003

மங்களம்,

எழுத வேண்டாம் என்று நீ சொன்னது விளங்கியது. இருந்தாலும் எழுதுகிறேன். வகுப்பிலும் நீ சொன்னதை நான் கேட்டதில்லையே.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் கடை திறக்கவில்லை. இந்திராவை எனக்கும் தெரியும். அவள் தலையில் பேன் பார்த்திருக்கிறேன். அவள் கூப்பிட்டதைப் பற்றி நீ எழுதிய இடத்தை என்னால் இரண்டாம் தரம் வாசிக்க முடியவில்லை.

ஆனால் என் அப்பா காட்டிக்கொடுத்தார் என்று நீ எழுதியதை நான் அப்படியே விழுங்கமாட்டேன். அதனால் தெரிந்த ஆளிடம் கேட்டேன். அம்மாவின் தம்பி சிறிபால மாமாவை நீ பார்த்திருக்கிறாய், மீசை வைத்தவர். அவர் அன்று ஊர்காவல் படையில் இருந்தார். இப்போது சிறுநீரகம் இரண்டும் பழுதாகி என் வீட்டுப் பின்னறையில் கிடக்கிறார். கால் வீங்கி, தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு. சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன். "தேன்கல் உங்களுக்கு எப்படித் தெரியும்? என் அப்பாதான் காட்டினாரா?" என்று.

அவர் சிரித்தார் மங்களம். சிரித்துவிட்டுச் சொன்னார்: "உன் அப்பாவா? அவனை முதல் நாளே புளியமரத்தில் கட்டி அடித்துப் போட்டிருந்தோம், போகாதே போகாதே என்று கத்தினான் என்று. எங்களுக்கு யாரும் காட்டத் தேவையில்லை. தமிழர்களே காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்."

காட்டு வாசலில் நிற்கும் ஐயனார் மரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதுதானே. உங்கள் ஆட்களும் சரி, எங்கள் ஆட்களும் சரி, அதைத் தாண்டி உள்ளே போவதென்றால் ஆளுக்கொரு இலைக் குழை முறித்து அதன் கிளையில் வைத்துவிட்டுத்தான் போவோம். யானை, கரடி அண்டாது என்று. பெரிய பாதையை விட்டு ஒற்றையடிப் பாதைக்குத் திரும்பும் இடத்திலும் திரும்ப ஒன்று வைப்போம். அன்று அந்த மரத்தில் பச்சைக் குழை நிறைய இருந்ததாம். முறித்த இடத்தில் பால் காயவில்லையாம். எண்ணிப் பார்த்து இத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்களாம். அவர்கள் கொன்று முடித்த பிறகு, குழையும் தலையும் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்ததில் ஒன்று குறைந்ததாம். மாமா அதை நேற்று நடந்த கதை மாதிரிச் சொன்னார். குறைந்தது நீதான் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை.

தேன்கல்லுக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையிலும் குழை வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிறகு மாமா ஒன்று சொன்னார், அதுதான் எனக்குச் சோற்றுக் கோப்பையை அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. "நாங்களும் குழை வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். ஐயனார் பொல்லாதவர் அல்லவா?" என்றார்.

அவருக்கு இன்னும் சோறு ஊட்டுகிறேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

உங்கள் ஊரை வெட்டிய மறுநாள் அப்பா அடிபட்ட உடம்போடு எழும்பி மண்வெட்டியைத் தேடினார். அம்மா காலைப் பிடித்து அழுதாள். உன் அப்பா பெயரைச் சொல்லி, "இராசதுரையை நாய் தின்னக்கூடாது" என்றார், அவ்வளவுதான். புதைக்கத்தான் போனார்.

நீ ஒரு மாசிக் காலையைச் சொன்னாய். நான் ஒரு பங்குனிக் காலையைச் சொல்லவா? ஒரு மாதம் கழித்து உங்கள் இயக்கப் பெடியன்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். என் அண்ணி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளையும் பிள்ளையையும் ஒரே வெட்டில் வெட்டியிருந்தார்கள். பிரித்தெடுக்க முடியாமல் ஒன்றாகவே புதைத்தோம். நான் உன்னைக் குற்றம் சொன்னேனா? நீ அங்கே இல்லை. என் அப்பாவும் தேன்கல்லில் இல்லை.

இப்போது சொல், அவர் எங்கே?

சோமா


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
08.02.2004

அன்புள்ள சோமா,

உன் கடிதத்தை வேலை முடிந்து வரும்போது டி-பான் ரயிலில் இருந்து வாசித்தேன். ஸ்டோவ்னரில் இறங்க மறந்து வெஸ்ட்லி என்ற கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன். ரயில் திரும்பிப் புறப்பட்டது, அப்போதும் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த நோர்வேக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைத் தந்தாள்.

நீ எழுதியது உண்மை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு குழை முறித்தேன். பின்னால் ஊர் எரிகிறது, அப்பா எங்களை ஐயனார் மரத்தடியில் நிற்பாட்டினார். "ஓடுற ஓட்டத்தில மறந்து போகாதேங்கோ, ஆளுக்கொண்டு முறிச்சு வையுங்கோ" என்றார். சின்னம்மா குழந்தைக்கும் சேர்த்து வைத்தாள். இந்திராவுக்குக் கிளை எட்டவில்லை, அப்பா அவளைத் தூக்கிப் பிடித்தார். யானையிலிருந்து காப்பாற்றச் சொல்லி வைத்தோம் சோமா. மனிதரைப் பற்றி ஐயனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே வீட்டுக்குப் பின்னால் லில்லொமார்க்கா என்று பெரிய காடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போனால் என் கை தானாக ஒரு கொப்பை முறிக்கும். "மரத்துக்கு ஏனம்மா நோகச் செய்யிறீங்கள்?" என்று யாழ் சத்தம் போடுவாள். உன் கடிதத்துக்குப் பிறகு கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

முதியோர் இல்லத்து அந்தக் கிழவர் மார்கழியில் இறந்துவிட்டார். கிழவியிடம் கேட்டேன், அவருடைய அப்பாதான் காட்டிக்கொடுத்தார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. "எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றாள்.

இனி நீ கேட்டதைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு வாசி.

என் அண்ணன் யோகராசாவை உனக்குத் தெரியும். அப்போது இயக்கத்தில் இருந்தார். செய்தி கேட்டு மறுநாள் விடியக் காட்டால் வந்து சேர்ந்தார். வேறு பக்கம் ஓடித் தப்பிய சனமும் நானுமாக, வெட்டுப்பட்ட அப்பாவையும் இந்திராவையும் பாறையிலிருந்து இறக்கி, குளத்துத் தண்ணீர் வழிந்தோடும் வானுக்கு அப்பால் கிடத்தியிருந்தோம். அண்ணனோடு வேறு இரண்டு பேர் நின்றார்கள். குழி வெட்ட எங்களிடம் ஒரு மண்வெட்டியும் இல்லை, எல்லாம் வீடுகளோடு எரிந்துவிட்டது. கையாலும் கத்தியாலும் தோண்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் உன் அப்பா குளக்கட்டால் வந்தார். சட்டை இல்லை, முதுகெல்லாம் தடிப்பு. யாரோ எங்கள் ஆள்தான் அடித்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்பாவின் காலடியில் விழுந்து அழுதார்.

அண்ணன் அவரை எழுப்பி, "தேன்கல்லை ஆர் காட்டினது?" என்று கேட்டார். "தெரியாது மகனே" என்றார் உன் அப்பா, நல்ல தமிழில். "உன்னைத் தவிர ஆருக்கடா தெரியும்?" என்றார் அண்ணன். "எனக்குத் தெரியும், நான் காட்டேல்லை" என்று சொல்லிக்கொண்டே உன் அப்பா மண்வெட்டியை நீட்டினார், குழி வெட்டச் சொல்லி. அண்ணன் அதை வாங்கினார். வாங்கி அதாலேயே வெட்டினார். முதல் வெட்டு கழுத்தில் சரியாக விழவில்லை. உன் அப்பா கையைத் தூக்கவில்லை. அண்ணன் நிறுத்தவும் இல்லை. கூட வந்த பெடியன்களே அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து எழுதினால் நீ கேட்டதற்குப் பதில் ஆகாது.

அந்த மண்வெட்டியால்தான் எங்கள் ஆட்கள் எல்லோரையும் புதைத்தோம். உன் அப்பாவை எங்கள் ஆட்களோடு போட அண்ணன் விடவில்லை. வானைக் கடந்ததும் இரட்டைப் பாலை மரம் நிற்கும், நாங்கள் பழம் பொறுக்கிய மரம். அதன் அடியில், குளத்தைப் பார்த்த பக்கம். மண்வெட்டியையும் அவருடனேயே போட்டு மூடினார்கள். தேடினால் அந்த இரும்பு கிடைக்கும்.

போன ஞாயிறு ஹவுகெட்டோவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் சயூரனின் பிறந்தநாளுக்கு ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், நாலு பேர் மதிக்கிற ஆள். உன் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "அப்ப நான் ஆரை வெட்டினனான்?" என்றார். என்னைக் கேட்கவில்லை, இறைச்சியைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு எழுதிப்போடாதை மங்களா. இஞ்சை பொலிசுக்குப் போனால் என்ரை பிள்ளையள் என்ன செய்யும்?" என்றார். எழுதத்தான் போகிறேன் என்றேன். அப்படியென்றால் இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார்.

எனக்கு மிஞ்சிய ஒரே கூடப்பிறந்தவர் அவர். இந்தக் கடிதத்தை எழுதி அவரையும் விட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அம்மாவுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதை நீயே பார்த்துச் சொல்லு.

மங்களம்


திம்பிரிவெவ
07.05.2006

மங்களம்,

இரண்டு வருடத்துக்கு மேலாக உனக்கு எழுதவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, கோபம்தான். செத்துப்போய்விட்டாளோ என்று நினைத்திருப்பாய். அப்படி லேசில் சாகமாட்டேன். உன் மூன்று கடிதமும் கிடைத்தது. அந்தப் பெரிய குளிர்ச் சட்டையும் கிடைத்தது. இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நான் என்ன செய்வது? நாய் அதில் படுக்கிறது.

அம்மாவுக்கு, அப்பா இராசதுரையைப் புதைக்கப் போன இடத்தில் இறந்தார் என்று மட்டும் சொன்னேன். யார், எப்படி என்று அவள் கேட்கவில்லை. அடுத்த வாரமே தானம் கொடுத்தாள். போன வருடம் அவளும் போய்விட்டாள். சிறிபால மாமா அதற்கு முதலே போனார்.

உன் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அப்பா மண்வெட்டியை நீட்டியதும் அவர் வாங்கியதும் தினமும் கண்ணுக்குள் வருகிறது. ஆனால் பொலிசுக்கு எழுத எனக்கு எண்ணமில்லை என்று அவருக்குச் சொல்லிவிடு. பொலிசுக்கு எழுதுவதென்றால் நான் என் வீட்டுப் பின்னறையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

இப்போது செய்தி. வானுக்கு அப்பால் மிதிவெடி எடுத்து முடித்துவிட்டார்கள். பலகையையும் கழற்றியாயிற்று. அடுத்த மாதம் பொசொன் போயா என்கிற பௌர்ணமிக்கு முதல் அப்பாவை எடுக்கப் போகிறேன். குளக்கட்டு உடைந்துவிட்டதால் காட்டுப் பாதையால்தான் போக வேண்டும். ஊரார் ட்ரக்டரில் பெட்டி பூட்டித் தருகிறார்கள், ஒரு பிக்குவும் வருகிறார். இந்திரகுமாரும் வவுனியாவிலிருந்து வந்து உங்கள் ஆட்களின் குழிக்கு விளக்கு வைப்பதாகச் சொன்னான், ஆனால் திரும்பச் சண்டை மூளும் போல நிலைமை சரியில்லை, வரமாட்டான் போலிருக்கிறது. அப்படியென்றால் அந்த விளக்கையும் நானே வைக்கிறேன். இந்திராவுக்கு என்ன பூப் பிடிக்கும் என்று மறந்துவிட்டேன். செவ்வரத்தையா?

ஐயனார் மரம் இன்னும் நிற்கிறது. நான் ஒரு குழை வைப்பேன். உன் அப்பாவுக்கும் ஒன்று வைக்கிறேன். வந்து எழுதுகிறேன்.

சோமா


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
18.06.2006

என் அன்புச் சோமா,

போகாதே என்று ஒரு கடிதம் போட்டேன், கிடைத்ததா தெரியவில்லை. கடைக்குப் பக்கத்து வீட்டு இலக்கத்துக்கு இந்த ஒரு கிழமையாகத் தொலைபேசி எடுக்கிறேன், மணி போகவே இல்லை.

போன சனிக்கிழமை இங்கே மண்டபத்தில் ஒரு கூட்டம். சமையலறையில் வடை சுட்டுக்கொண்டு நின்றோம். ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு உரத்துச் சொன்னார்: "திம்பிரிவெவக் காட்டுப் பாதையில கிளைமோர்க் குண்டு வெடிச்சிருக்கு. சிங்களவங்கட ட்ரக்டர் ஒண்டு அப்பிடியே போச்சுது." பக்கத்தில் நின்ற மேரியம்மா அக்கா சிலுவை போட்டாள். பின்னால் யாரோ, "எங்கடை சனத்துக்குச் செய்ததுக்கு இது காணாது" என்றார்கள். எண்ணெய்ச் சட்டியை அப்படியே அவர்கள் தலையில் ஊற்ற எனக்கு மனம் வந்தது. சட்டியைப் பிடித்தும்விட்டேன். என் கையைப் பிடித்தது யோகண்ணா. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் பக்கத்தில் வந்தவர், என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "அவளோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எப்ப போறன் எண்டு எழுதினவள்?" என்றார். சொன்னேன். வாகனத்துக்குள் இருந்து கனநேரம் அழுதார். அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் தனியே விட்டுவிட்டு வரவும் இல்லை.

கிளைமோர் கட்டியவன் காட்டுக்குள் ஒளிந்திருந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் நினைக்காத நேரம் இல்லை. ட்ரக்டர் ஐயனார் மரத்தடியில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், குழை முறிப்பார்கள் என்று அந்தக் காட்டை அறிந்த எங்கள் பெடியன் எவனுக்கும் தெரியும். அந்த மரத்தடியில்தான் வெடித்ததாமா, அல்லது வேறெங்காவதா என்று செய்தியில் ஒன்றும் இல்லை. பெயர்களும் இல்லை.

இரட்டைப் பாலையடி என்று உனக்கு எழுதியது நான். அந்தப் பாதையை உனக்குக் காட்டியது என் கடிதம். ஒரே ஒரு வரி போடு சோமா. அந்த ட்ரக்டரில் நான் இல்லை என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

இந்திராவுக்குச் செவ்வரத்தைதான் பிடிக்கும்.

உன்
மங்களம்


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
10.12.2006

சோமா,

அந்த ட்ரக்டர்ச் செய்திக்குப் பிறகு இது ஐந்தாவது கடிதம். முந்திய நான்கில் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆள் இல்லாவிட்டால் தபாற்காரன் திருப்பி அனுப்புவான் என்கிறார் பத்மநாதன். சண்டை நடக்கிற இடத்தில் தபாற்காரன் ஏது என்று யோகண்ணா சொல்கிறார். இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னேன்.

யோகண்ணா இப்போது கோயில் நிர்வாகத்தில் இல்லை. தானே விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். போகும்போது, "கடிதம் ஏதும் வந்ததோ?" என்று மட்டும் கேட்பார். அவருக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று லில்லொமார்க்காவுக்கு நடக்கப் போனோம். பனி கொட்டிக் கிடந்தது. காட்டு வாசலில் நின்று குழை முறித்து மரத்தில் வைத்தேன். உனக்கு ஒன்று, உன் அப்பாவுக்கு ஒன்று, என் ஆட்களுக்கு ஆளுக்கொன்று. யாழ் இந்த முறை சத்தம் போடவில்லை. யாருக்கு என்று கேட்டாள், பெயர் பெயராகச் சொன்னேன். யார் வந்து எண்ணிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நீ முன்னரும் இரண்டு வருடம் எழுதாமல் இருந்தவள்தானே. அப்போதும் நான் என்னென்னவோ நினைத்தேன், கடைசியில் வெறும் கோபம் என்று எழுதினாய். இதுவும் அதுதான் என்று சொல்லிக்கொண்டுதான் தபால்பெட்டியைத் திறக்கிறேன். என் அண்ணனின் கையை நினைக்கிறாய், நான் சந்தோஷப்பட்டதை நினைக்கிறாய், ஆத்திரம் வருகிறது, பேனையை வைத்துவிடுகிறாய்.

கோபமாகவே இரு சோமா. எத்தனை வருடமானாலும் இரு. எனக்கு எழுதாமல் இரு, என் கடிதங்களைக் கிழித்துப் போடு, அந்தக் குளிர்ச் சட்டையில் நாயைப் படுக்க விடு. கோபமாக மட்டும் இரு.

உன்
மங்களம்